அரசாங்கம் கொடுத்த மகன்

எங்கள் தெருவில் சாயங்காலம் தண்ணீர் வரும் நேரத்துக்குத்தான் அன்புச்செல்வன் அண்ணனும் வருவார். திண்டிவனத்தில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர். காரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, குழாயடிக்குப் பக்கத்தில் நின்று, கைப்பேசியில் வந்திருக்கும் செய்திகளை உரக்கப் படிப்பார்.

“சின்னபொண்ணக்கா, ஒனக்கு சிலிண்டரு கெளம்பிடுச்சாம். சவுரியம்மா, ரேஷன்ல பாமாயில் வாங்குனதா வந்துக்குது, வாங்குனியா?”

“எங்க வாங்குனேன்? இல்லன்னு தொரத்திட்டான்.”

“நாளைக்கிப் போய் கேளு. குப்பம்மா பெரிம்மா, ஒனக்குப் பணம் ஏறிடுச்சி.”

போன் இல்லாதவர்கள், இருந்தும் படிக்கத் தெரியாதவர்கள், புருஷன் கையிலேயே போன் இருப்பதால் செய்தி வந்து சேராதவர்கள் என்று பாதித் தெரு அவருடைய எண்ணைத்தான் எல்லா அலுவலகங்களிலும் கொடுத்திருந்தது. ஒருத்தர் செய்தியை இன்னொருத்தர் செய்தியோடு அவர் கலந்து படித்ததே இல்லை. எங்களுக்கு அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை. குழாய் ஒன்று, குடம் வேறு வேறு.

குப்பம்மா பெரியம்மா எனக்கு உறவில்லை. வயதுக்காக அப்படிக் கூப்பிடுகிறோம். விழுப்புரத்துக்கு அருகே காணைப் பக்கம் பிறந்தவர், கரும்பு வெட்டும் ஆட்களோடு சின்ன வயதிலேயே ஊர் ஊராகப் போனவர். எங்கள் ஊரான பெருமுக்கல்லுக்கு வாழ வந்தார். குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்கொண்டே இருந்த புருஷன் வேறொருத்தியோடு கோலியனூர்ப் பக்கம் போய், அங்கேயே செத்தும்போனான். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டபோது, “நான் இன்னா தப்பு பண்ணேன், மூட்டையக் கட்டிக்கினு வர்றதுக்கு?” என்று கேட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் வேர்க்கடலைக் காட்டுக்கு மல்லாட்டை பிடுங்கப் போனாராம்.

அது கேட்ட கதை. நான் பார்த்தது ஒன்று உண்டு. தெருவில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. பந்தலில் முன்னால் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பெண்ணின் மாமியார் வந்து, கொஞ்சம் பின்னால் போய் உட்காரச் சொல்லி ஜாடையாகக் காட்டினாள்.

“இந்தப் பந்தலுக்குக் குழி தோண்டுனது நானு. தோண்டும்போது ஒனக்குப் புள்ள இருக்குதான்னு எவளும் கேக்கல” என்றார் பெரியம்மா. குரலை உயர்த்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த வயிற்றுப்பிள்ளைக்காரியே எழுந்து வந்து பெரியம்மாவிடம் கையை நீட்டினாள். வளையலைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் போனார்.

புயலில் பெரியம்மாவின் மண்சுவர் சரிந்தபோது, அன்புச்செல்வன் அண்ணன் தன் மனையின் பின்மூலையில் இடம் விட்டார். அங்கே தகரக் கூரை போட்டுப் பெரியம்மா தனியாக இருந்தார். தனி வாசல், தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு. கதவு எண் மட்டும் ஒன்று. வீட்டு வரிக்குக் கணக்கெடுக்க வந்தவர், மனை ஒன்றாயிருக்க எண் இரண்டு தர முடியாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் யாரும் கதவு எண்ணை வைத்துக் குடும்பத்தைச் சொல்வதில்லை. உலை வேறானால் குடும்பம் வேறு.

போன வருடம் பெரியம்மாவுக்கு முதியோர் பணம் நின்றது.

ரேகைக் கருவியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து பணம் கொடுக்கும் வெண்ணிலா, பெரியம்மாவின் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஏறல பெரிம்மா. நிறுத்தி வெச்சிருக்குன்னு காட்டுது.”

“ஏன்?”

“ஏன்னு இதுல வராது.”

கரும்பு வெட்டிய அந்த இடுப்பு இப்போது குனிவதில்லை. அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். மற்றதெல்லாம் அந்தப் பணத்தில்தான். அடுத்த மாதமும் வராதபோது பெரியம்மா என் வாசலில் வந்து நின்றார்.

“அமலா, நீ எட்டாவது வரைக்கும் போனவ. கூட வா. பேச வேணாம், போர்டப் படிச்சி சொன்னா போதும்.”

பேச வேண்டாம் என்றதால் போனேன்.

திண்டிவனத்தில் எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்களும் யாரோ அனுப்பியதைத் திறந்து படித்தவர்கள்தான். சீனுவாசன் என்று பெயர் எழுதியிருந்த மேசைக்கு எங்களை அனுப்பினார்கள். சின்ன வயதுக்காரர். பெரியம்மாவின் கார்டை வாங்கி எண்ணைத் தட்டினார்.

“ஒங்க மகன் கார் வெச்சிருக்காரேம்மா. அதான் நிறுத்தியிருக்கு.”

“யாரு மவன்?”

“அன்புச்செல்வன். ஒங்க குடும்பத்துல காட்டுது.”

பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். “எங்க வூட்டுக்காரன் என்ன வுட்டுட்டுப் போனதே புள்ள இல்லன்னுதாங்க. நீங்க கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா இருந்திருப்பான்.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சீனுவாசன் சிரிக்கவில்லை. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

“பாருங்க. முன்னெல்லாம் ரேஷன் விவரம் அவங்ககிட்ட, வண்டி விவரம் அவங்ககிட்ட, வீட்டு வரி இன்னோர் எடத்துல இருந்துது. இப்ப எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டாங்க. ஒங்களுக்கும் அவருக்கும் ஒரே போன் நம்பர், ஒரே கதவு எண். ஒங்க கார்டுல வேற ஆளே இல்ல. அதனால அது ஒங்கள அவரோட தாயாரா எடுத்துக்கிச்சி.”

“நம்பரு அவன் குடுத்தது. தெருவுல எல்லாருக்கும் குடுத்திருக்கான்.”

“அவங்களுக்கெல்லாம் கார்டுல புருஷன், புள்ளைங்க இருக்காங்க. நீங்க தனி ஆள்.”

அந்த அறையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரியம்மாவின் கைகளை. மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன.

“தம்பி, அரிசிக்குன்னு கேட்டாங்க, நம்பரு குடுத்தேன். நாயி கடிச்சி ஊசி போடப் போனேன், அங்கியும் கேட்டாங்க, குடுத்தேன். நூறு நாள் வேலையில கேட்டாங்க. ஒவ்வொருத்தரும் இதுக்கு மட்டுந்தான்னு சொல்லித்தான் வாங்குனாங்க. எல்லாத்தையும் சேத்து எனக்குப் புள்ள பெத்துக் குடுங்கன்னு நான் எவன்கிட்ட சொன்னேன்?”

சீனுவாசன் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். “மகன் இருந்தும் கவனிக்கலன்னு ஒரு வாக்குமூலம் எழுதி ரேகை வையுங்க. நான் மேல அனுப்பிடுறேன். பணம் ஜல்தியா வந்துடும். எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க.”

“அவன் என் புள்ளையே இல்லன்னு எழுத இன்னா வழி?”

“அதுக்கு இதுல எடம் இல்ல. உறவுன்னு வந்துட்டா, கவனிக்கிறாரா இல்லியா, அத்த மட்டுந்தான் கேக்கும்.”

“அப்ப சரியா கேக்கத் தெரியாத மிஷினுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்” என்று பெரியம்மா கார்டை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஊர் நெருங்கும்போது சொன்னார்: “எனக்குப் புள்ள இல்லன்னு ஊரே சொல்லிச்சி. தாங்கிக்கினேன். ஏன்னா அது நெசம். இது பொய், அமலா. இத்த ஏன் தாங்கணும்?”

தெருவுக்கு விஷயம் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. சின்னபொண்ணக்கா குழாயடியிலேயே ஆரம்பித்தாள். “பெரிம்மா, பேத்திக்கு எப்ப காது குத்து?”

“ஒங்க ஊட்டுக்காரன மடியில உக்கார வெச்சிக் குத்துவோம். அவன்தான் இன்னும் வளரல.”

சிரிப்புக்கு நடுவில் அன்புச்செல்வன் அண்ணனின் மனைவி ஜெசிந்தா மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பெரியம்மாவுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போவதில்லை. பெரியம்மாவின் கோழிகள் அவளுடைய மிளகாய்ச் செடிகளைக் கிளறும்.

“எடம் குடுத்தோம். இப்ப கவர்மெண்டே ஒன்ன எனக்கு மாமியாராக்கிடுச்சி. நாளைக்கி மனையில பங்குன்னு வந்து நின்னா நாங்க எங்க போறது?”

“மாமியாருன்னு சொல்றியே, என்னிக்காவது ஒரு கிண்ணம் மீன்கொழம்பு குடுத்திருப்பியா?”

“ஒன் கோழி துன்ன செடிக்கு மீன் வேற வெக்கணுமா?”

பேச்சு அதோடு போகவில்லை. ஜெசிந்தாவின் அண்ணன் பிரான்சிஸ் வந்து, கவனிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தால் மகனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவும் போடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜெசிந்தா பின்வாசலைத் தாழிட்டு வைத்தாள். அன்புச்செல்வன் அண்ணன் குழாயடியில் செய்தி படிக்கும்போது பெரியம்மாவின் பெயர் வருவதே இல்லை. வருவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு சாயங்காலம் அவரே பெரியம்மாவிடம் வந்தார். நான் அங்கே கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன்.

“பெரிம்மா, எழுதிக் குடுத்துடு. கூப்ட்டுக் கேட்டா நான் போய் நிக்கிறேன். எனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?”

“கொறையும்.”

“ஒண்ணும் கொறையாது. நீ பணம் இல்லாம எத்தினி நாளு ஓட்டுவ?”

“ஒங்கம்மா சாவுற வரைக்கும் தூக்கி உக்கார வெச்சி சோறு ஊட்டுனவன் நீ. பெத்தவள வெளிய தள்ளுனவன்னு ஒன் பேர்ல ஒரு எடத்துல எழுதிட்டா, அது அப்பால எத்தினி ஆபீசுக்குப் போவும்னு ஒனக்குத் தெரியுமா? நாளைக்கி ஒன் பொண்ணு ஒரு வேலைக்குப் போறா, அங்க ஒருத்தன் தட்டிப் பாத்து, ஒங்கப்பன் இப்படியாமேம்பான். அரிசிக்குக் குடுத்த என் நம்பரு எங்க எங்க போச்சின்னு எனக்கே தெரியல. பொய்யும் அதே வழியிலதான் போவும்.”

தாழிட்ட பின்வாசலுக்கு உள்பக்கம் ஆள் நிற்பது கதவிடுக்கில் சேலை நுனியால் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன், சொல்லவில்லை.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். மல்லாட்டை வேகவைத்து ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பெரியம்மாவும் நானும் போனோம். வெளியே மரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சவுரிராயன் என்ற வயதானவரிடம் போனோம். பாதிக் கதையைக் கேட்டதுமே அவருடைய பேனா ஓட ஆரம்பித்தது. நான் தலைகீழாகப் படித்தேன். “என் மகன் என்னைக் கைவிட்ட நிலையில்” என்று இருந்தது. பெரியம்மாவின் காதில் சொன்னேன்.

“ஐயா, நிறுத்துங்க. மவனே இல்லன்றேன், நீங்களும் அவன வெச்சே எழுதுறீங்க.”

“தாயி, இப்படி எழுதுனாதான் வேல நடக்கும். நான் எத்தன எழுதியிருப்பேன்.”

“நடக்க வேணாம். நெசத்த எழுதுங்க.”

சவுரிராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழுக் கதையையும் மறுபடியும் கேட்டார். பிறகு, “புதுசா ஒரு சட்டம் போட்டிருக்காங்க” என்றார். “நம்மளப் பத்தின விவரம் தப்பா இருந்தா திருத்தச் சொல்லலாம். ஒருத்தரப் பத்தி முடிவெடுக்க ஒரு விவரத்த எடுத்தா, அது சரியான்னு பாத்துக்கணும். ஆனா முழுசா அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கு. அதுலயும், பென்ஷன் மானியம்னு வந்தா, சர்க்காரு ஒரு எடத்துல வாங்குனத இன்னோர் எடத்துல எடுத்துக்க வழி வெச்சிருக்கு.”

“எடுத்துக்கட்டும். எடுத்தது நெசமான்னு பாக்கணுமில்ல?”

“அத்தத்தான் சட்டமும் சொல்லுது.”

“அது அமலுக்கு வர்ற வரைக்கும் பொய் எழுதிக்கினு இருக்கலாமா?”

அவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதினார். எனக்கு மகன் இருப்பதாக உள்ள பதிவை நீக்க வேண்டும். என்னைப் பற்றிய விவரங்களை எந்த அலுவலகம் எந்த அலுவலகத்துக்கு, எதற்காகக் கொடுத்தது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

“ரெண்டாவது வேணாம் தாயி. அது பேஜாரு. மொதல்ல பணம் வரட்டும். ரெண்டு கேட்டா ரெண்டும் தங்கிடும்.”

“ரெண்டும் எழுதுங்க.”

உள்ளே கூட்டம். எங்கள் முறை வந்தபோது மனுவை வாங்கிய அதிகாரி ஒரு பெண். முதலில் வேகமாகப் படித்தார், பிறகு மறுபடியும் மெதுவாகப் படித்தார். என்னைப் பார்த்து, “நீங்க மகளா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. பக்கத்து வீடு” என்றேன்.

“அத்த நல்லா எழுதி வெச்சிக்குங்கம்மா” என்றார் பெரியம்மா. “இல்லன்னா அடுத்த மாசம் இவளையும் எனக்கு மவளாக்கிடுவாங்க.”

அதிகாரியின் உதடு லேசாக அசைந்தது. “விசாரிக்கச் சொல்றேம்மா.”

“மிஷின்ல விசாரிக்காதீங்க. அது சொன்னதத்தான் திருப்பிச் சொல்லும். வீட்டுக்கு ஆள அனுப்புங்க, வந்து அடுப்பப் பாக்கட்டும்.”

ஆள் வந்தார். பைக்கில், வெயிலில், தோளில் பையோடு வந்தவர் நேராக ஜெசிந்தாவின் வாசலில் இறங்கினார். அண்ணன் அன்று சவாரிக்குப் போகாமல் இருந்தார். தெருவே வெளியில் வந்து நின்றது. அவள் என்ன சொல்வாள் என்று யாருக்கும் தெரியாது.

“நீங்களும் பின்னாடி இருக்கிற அம்மாவும் ஒரே குடும்பமா?”

ஜெசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நானும் இத்தும் ஒரே குடும்பமா? இத்தோட கோழிக்கும் என் மொளகாச் செடிக்கும் நடக்குற சண்டைய யாரையாவது கேட்டுப் பாருங்க சார். வாங்க, காட்டுறேன்.”

அவளே முன்னால் நடந்து, தாழிட்டிருந்த பின்வாசலைத் திறந்துவிட்டாள். ஜெசிந்தாவின் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் அடுப்பில் கேப்பைக் கூழ். வந்தவர் இரண்டையும் படம் எடுத்தார். எதையோ தட்டினார்.

“அவ்வளவுதான். இப்ப போனுக்கு ஒரு எண் வரும். அத்த மட்டும் சொல்லிட்டா முடிச்சிடலாம்.”

அண்ணனின் கையில் இருந்த கைப்பேசி சத்தம் போட்டது. வழக்கம்போல அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். “பெரிம்மா, ஒனக்கு...”

“படிக்காத அன்பு.”

அண்ணன் கைப்பேசியைக் கீழே இறக்கினார்.

“அந்த நம்பருதான் ஒன்ன எனக்குப் புள்ளையாக்குச்சி. பிரிக்கிறதுக்கும் அதுவேவா? மறுபடியும் ஒட்டிக்கும்.”

“அம்மா, அந்த எண்ணு போடலன்னா இது அடுத்த பக்கத்துக்கே போவாது” என்றார் வந்தவர்.

“போவ வேணாம். தாள்ல எழுதுங்க. எனக்குப் போனு கெடையாதுன்னு எழுதுங்க. அவன் யாரு, நான் யாருன்னு எழுதுங்க. ரேகை வெக்கிறேன்.”

“இப்பல்லாம் தாள்ல வாங்குறதில்லம்மா.”

“நீங்க வாங்குங்க. நீங்கதான வந்து பாத்தீங்க? ஒங்க கண்ணு பாத்தத ஒங்க கையால எழுதுறதுக்கு எந்த மிஷினக் கேக்கணும்?”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்ததைப் பைக்குள் போட்டார். பிறகு, “ஒரு தாள் கெடைக்குமா?” என்று கேட்டார். ஜெசிந்தா உள்ளே போய் மகளின் நோட்டிலிருந்து கிழித்து வந்தாள். இரண்டு செம்பில் மோரும் கொண்டுவந்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு. பெரியம்மா வாங்கிக் குடித்தார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. “உப்பு பத்தல” என்றார்.

அவர் எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினார். பேனா மையைத் தடவிப் பெரியம்மா கட்டைவிரலை அழுத்தினார். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை.

“அப்ப நாங்களும் எங்க நம்பரெல்லாம் எடுத்துடணுமா பெரிம்மா?” என்று சின்னபொண்ணக்கா கேட்டாள்.

“ஒனக்குப் புருசன் இருக்கான், பயப்படாத. ஆனா இனிமே எவன் நம்பரு கேட்டாலும், எதுக்கு, வேற யாருக்குக் குடுப்பன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டுக் குடு.”

பெரியம்மாவுக்குப் பணம் மறுபடியும் வந்தது. வெண்ணிலாதான் சொன்னாள். பிறகு ஒரு கடிதமும் வந்தது. பதிவு திருத்தப்பட்டது என்று அதில் ஒரு வரி. நான் படித்துக் காட்டினேன். பின்பக்கம் திருப்பச் சொன்னார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பெரியம்மா பையோடு என் வாசலில் நின்றார்.

“பணந்தான் வந்துடுச்சே பெரிம்மா” என்றேன்.

“பணம் வந்துது. என் விவரத்த யாரு யாருக்குக் குடுத்தான்னு கேட்டனே, அது எங்க?”

அன்றும் போனோம். அதற்குப் பிறகும் போகிறோம். சவுரிராயன் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே புதுத் தாளை எடுத்து அட்டையில் வைத்துவிடுகிறார். முதல் கோரிக்கையை இப்போது எழுதுவதில்லை, இரண்டாவது மட்டும்தான். உள்ளே எங்களை எல்லோருக்கும் தெரியும். வாசலில் நிற்கும் காவலர் பெரியம்மாவின் பையைத் திறந்து பார்த்து, ஒரு கை மல்லாட்டை எடுத்துக்கொண்டு, “மகன் நல்லா இருக்காராம்மா?” என்று விசாரிப்பார்.

“எந்த ஆபீசு பெத்துச்சின்னு இன்னும் சொல்லலங்க” என்பார் பெரியம்மா. “தெரிஞ்சதும் கேட்டுச் சொல்றேன்.”